ஒரு வீடு, ஒரு விதை

மரம் வளர்க்கும் கலையை மனித குலத்துக்கு அளித்த பெருமை, நைரோபி நகரத்து உபேப்போ குடியிருப்போர் நலச் சங்கத்தையே சேரும். இதை மறுப்பவர்கள் உண்டு. வழியெல்லாம், வேலியெல்லாம் அவகாடோ மரம் நிற்கிறதே, அதெல்லாம் என்ன என்று கேட்பார்கள். அவை வளர்ந்த மரங்கள், வளர்க்கப்பட்டவை அல்ல. எவரோ தின்றுவிட்டுக் கொட்டையை எறிந்தார், மழை பெய்தது, முளைத்தது, காய்த்தது. இதில் ஒரு தீர்மானம் உண்டா? துணைக்குழு உண்டா? தொடக்க ஜெபமாவது உண்டா? இப்படி முறைகேடாக வளர்வதையெல்லாம் மரம் வளர்ப்பு என்று ஒப்புக்கொண்டால், நாளைக்குத் தாடி வளர்வதையும் விவசாயம் என்பார்கள்.

முறைகேட்டுக்கு உதாரணம் தேடி அந்தக் குடியிருப்பில் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொல்லைப்புறத்தில் கார்கள் நிற்கும் இடத்துக்கு நடுவிலேயே ஓர் அவகாடோ மரம் நின்றது. அந்த நிலம் காப்பித் தோட்டமாக இருந்த காலத்து மரம். சங்கத்தில் உறுப்பினரும் அல்ல, சந்தா செலுத்தியதும் இல்லை. நாலு மாடிக்கு உயர்ந்து, யாருடைய அனுமதியும் இல்லாமல் காய்த்து, பழுத்ததைக் கார்களின் தலையில் போட்டது. கீழே விழுந்ததைக் காய்கறிக்கார மும்புவா பொறுக்கி, மரத்தடியில் பலகை போட்டு அடுக்கி, குடியிருப்புக்காரர்களுக்கே விற்றாள். அவர்களும் தங்கள் காரில் பள்ளம் விழுந்ததைப் பற்றி அவளிடமே புலம்பிக்கொண்டு, அந்தப் பள்ளத்தை உண்டாக்கிய பழத்தையே வாங்கிப் போனார்கள். சோறும் அவரையும் என்றாலும், உகாலிக் களியும் கீரையும் என்றாலும், தட்டின் ஓரத்தில் ஒரு கீற்று அவகாடோ இல்லாவிட்டால் அங்கே அது சாப்பாடு அல்ல, தண்டனை.

சங்கத்தின் செயலாளர் கயெம்பாவுக்கு அந்த மரத்தோடு ஒரு ரகசிய உறவு இருந்தது. கயெம்பா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், வருகிற கோரிக்கைகளை மறுத்துக் கடிதம் எழுதும் பிரிவில் பெரிய குமாஸ்தா. நாள் முழுக்க "வருந்துகிறோம்" என்று எழுதிவிட்டு மாலையில் காரை அந்த மரத்தடியில் நிறுத்துவார். உடனே இறங்க மாட்டார். கண்ணாடியை இறக்கி, ரேடியோவில் பந்தாட்டம் வைத்து, மும்புவா நீட்டுகிற பழத்தை இரண்டாகப் பிளந்து, உப்புத் தூவி, காருக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கும் கரண்டியால் சுரண்டித் தின்பார். வருந்தாமல் அவர் இருந்தது அந்த அரைமணி நேரம்தான். இதை அவர் மனைவி நசிமியுகூட அறியாள் என்று நம்பினார். நசிமியு மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி எல்லாரும் இருளில் வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் சங்கத் தலைவி ஞொகாபி மேடம் கோபன்ஹேகனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பினார். வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர். வந்த வாரமே அவசரக் கூட்டம் கூட்டினார். பொருளாளர் அகும்பா தொடக்க ஜெபம் செய்தார். அகும்பாவின் ஜெபம் நாட்டின் எல்லைகளைச் சுற்றிவந்து, கடைசியில் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் முடியும். பிறகு, வந்தவர் வராதவர் எல்லாரையும் தனித்தனியே வணங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்ளும்படி தலைவி கேட்டுக்கொள்ள, எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

"என் பையன் வீட்டு ஜன்னல்ல ஒரு கண்ணாடி டம்ளர் இருந்துச்சு," என்றார் தலைவி. "டம்ளர்ல தண்ணி. அதுக்கு மேல என்ன இருந்துச்சு தெரியுமா?"

"மீனுங்களா மேடம்?" என்றார் அகும்பா.

"மீன் தண்ணிக்கு உள்ள இருக்கும், அகும்பா. நான் மேலன்னேன். அவகாடோ கொட்டை. இடுப்புல மூணு பல்குத்துற குச்சி குத்தி, பாதி உடம்பு தண்ணில, பாதி உடம்பு அந்தரத்துல."

"ஐயோ பாவம், அது என்ன பண்ணுச்சு?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அது தண்டனை இல்லப்பா, வளர்ப்பு. அந்த ஊர்ல வீட்டுக்கு யாரு வந்தாலும் நேரா ஜன்னலுக்குத்தான் போறாங்க. 'அடேயப்பா, என்னமா வளர்ந்துட்டான்'ங்கிறாங்க. அதுக்கப்புறம்தான் என்னைப் பாத்து, நீங்க எப்ப வந்தீங்கன்னு கேட்டாங்க."

கூட்டம் நெகிழ்ந்து போனது. கயெம்பா மட்டும் விவரம் புரியாமல் கையைத் தூக்கினார். "மேடம், நம்ம கொல்லையிலதான் மரமே நிக்குதே?"

தலைவி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நிக்குது கயெம்பா. ஆனா எங்க நிக்குது? வெளிய. வெளிய நிக்கிறதை யாரு வளர்க்கிறாங்க? அது பாட்டுக்கு நிக்குது. உள்ள கொண்டாந்து வச்சாத்தான் நமக்கும் அதுக்கும் ஒரு உறவு."

வாயைத் திறந்தவருக்கே வேலை என்பது எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான சட்டம். அந்தக் கணமே "ஒரு வீடு, ஒரு விதை" திட்டம் பிறந்தது; கயெம்பா அதன் துணைக்குழுச் செயலாளர் ஆனார். நகரப் பசுமை அலுவலகத்தின் துணை இயக்குநரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, சிறந்த செடிக்கு 'ஆண்டின் மரப் பெற்றோர்' பட்டயம் வழங்குவதென்று முடிவானது. அதோடு, தம் பதவிக் காலம் முடிவதால், பட்டயம் பெறுபவரையே அடுத்த தலைவராக முன்மொழியப் போவதாகவும் தலைவி அறிவித்தார். தலைவர் பதவி என்றால் சும்மா இல்லை. தகரக் கூரை போட்ட கார் நிறுத்தம் அந்தக் குடியிருப்பிலேயே ஒன்றுதான், அது தலைவருக்கு. கயெம்பா பல வருஷங்களாகச் செயலாளர். மற்றவர்கள் பேசியதை எழுதி எழுதித் தேய்ந்தவர். தாம் பேச, வேறொருவர் எழுதுவதை ஒருநாளாவது பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு வேட்கை இருந்தது.

வழிகாட்டிக் குறிப்புகளை அவரே தயாரித்தார். அதில், விதையின் அகன்ற பக்கம் தண்ணீரிலும் கூர்ப்பக்கம் மேலேயும் இருக்க வேண்டும் என்று தலைவி சொன்னபடியே தட்டச்சு செய்து எல்லாக் கதவிலும் ஒட்டினார். ஆனால் தாம் எழுதியதைத் தாமே படிக்கிற வழக்கம் அவர் அலுவலகத்தில் யாருக்குமே கிடையாது. வீட்டில், கூராக இருப்பதுதானே இறங்க வேண்டும், ஆணி அப்படித்தானே இறங்குகிறது என்று யோசித்து, கொட்டையைத் தலைகீழாக டம்ளரில் நிறுத்தினார்.

"கிறிஸ்துமஸ்க்கு எடுக்குற டம்ளரையா எடுத்தீங்க?" என்றாள் நசிமியு.

"சாதாரண டம்ளர்ல வச்சா அதுக்குத் தாழ்வு மனப்பான்மை வரும்."

"கொட்டைக்கா?"

"கொட்டைன்னு சொல்லாத. பேரு வச்சாச்சு. துமாய்னி."

துமாய்னி என்றால் நம்பிக்கை. முளைத்த பிறகு பெயர் வைப்பது மனிதர்களுக்குப் பொருந்தும். திட்டத்துக்குப் பெயர் முதலில் வேண்டும். குடியிருப்பு முழுக்கப் பெயர் சூட்டு விழா நடந்தது. தேநீரும் மண்டாசிப் பணியாரமும் பரிமாறப்பட்டன. கென்யாவில் பிள்ளை பெற்றவர்களை இன்னார் அப்பா, இன்னார் அம்மா என்று அழைப்பதுதான் மரியாதை. பெற்றோர் தங்கள் சொந்தப் பெயரை வங்கியில் மட்டுமே பயன்படுத்துவார்கள். இப்போது அந்த மரியாதை விதைகளுக்கு இடம் மாறியது. ஞொகாபி மேடம் 'பராக்கா அம்மா' ஆனார். ஒன்பது வருஷமாக 'நெகேசா அப்பா'வாக இருந்த கயெம்பா ஒரே இரவில் 'துமாய்னி அப்பா' ஆகிவிட்டார்.

"அப்ப என் ஸ்கூல் ஃபீஸை யாரு கட்டுவா?" என்றாள் நெகேசா. "துமாய்னி அப்பாவா, நெகேசா அப்பாவா?"

"நீ போய்ப் படி," என்றார் இருவருக்கும் பொதுவான அப்பா.

மற்ற வீடுகளில் வளர்ப்பு தீவிரமாக நடந்தது. விதை வெளிநாட்டு முறைப்படி வளர்வதால் அதற்கு அந்த நாட்டுக் குளிர் தேவை என்று கருதி, ஞொகாபி மேடம் பராக்காவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். அகும்பா தம்முடையதற்குத் தினமும் ஜெப எண்ணெய் பூசினார். இன்னொரு வீட்டில் வேர் வந்ததா என்று பார்க்கக் காலையும் மாலையும் வெளியே எடுத்துத் துடைத்து வைத்தார்கள். ஜூலை மாதக் குளிர் வேறு. விதைகள் எல்லாம் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தன.

படிக்கட்டில் பார்க்கிறவர்கள் கயெம்பாவை விடுவதில்லை.

"துமாய்னி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"வேர் விட்டுட்டாளா?"

"உள்ளுக்குள்ள விட்டுட்டு இருக்கா. அவ கொஞ்சம் அடக்கமான பொண்ணு."

வீட்டுக்குள் வந்ததும் டம்ளருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கெஞ்சுவார். மரத்தடிக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். காரை நிறுத்தியதும் ஓடி வந்துவிடுவார். கார் மேல் விழுந்த பழங்களை மும்புவாவே எடுத்துத் துடைத்து வைப்பாள். விழா நாள் நெருங்க நெருங்க, டம்ளரிலிருந்து ஒரு வாடை வரத் தொடங்கியது.

"தலைகீழா நிக்குதுங்க," என்றாள் நசிமியு ஒருநாள்.

"யாரு?"

"உங்க மக. கூர்ப்பக்கம் மேல இருக்கணும்னு நம்ம கதவுலயே ஒட்டியிருக்கு. கையெழுத்து உங்களுது."

கயெம்பா வெளியே போய்க் கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தார். திரும்பி வந்து துமாய்னியைத் தூக்கினார். அது பிசுபிசுவென்று அவர் கையிலேயே இரண்டாகப் பிளந்தது. அவருக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. அது துமாய்னிக்காகவா, தகரக் கூரைக்காகவா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மறுநாள் மாலை, லேசான தூறலில், சட்டைப்பையில் ஒரு சூப்புக் கரண்டியோடு அவர் மரத்துக்குப் பின்னால் போனார். அங்கேதான் குடியிருப்பின் குப்பைமேடு இருந்தது. அகத்திலே இல்லாதது புறத்திலே கொட்டிக் கிடந்தது. முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், கிழிந்த செருப்பு, இவற்றுக்கு நடுவில் அவகாடோக் கன்றுகள். விரல் உயரத்தில், முழ உயரத்தில், பளபளவென்று, ஒருவர் தண்ணீர் ஊற்றாமல், ஒருவர் பெயர் வைக்காமல். இந்தக் கன்றுகளை அவ்வப்போது பிடுங்கி எறிய வேண்டும் என்று காவலாளிக்குச் சுற்றறிக்கை அனுப்பியவரே கயெம்பாதான். நல்லவேளையாக அதையும் யாரும் படிக்கவில்லை.

குனிந்து கரண்டியை வைத்தவருக்கு எதிரே இன்னொரு கை தெரிந்தது. தோட்டக் கையுறை போட்ட கை. நிமிர்ந்தார். தூறலில் கறுப்புக் கண்ணாடி அணிந்து ஞொகாபி மேடம் குந்தியிருந்தார்.

"துமாய்னி அப்பா," என்றார் தலைவி.

"பராக்கா அம்மா," என்றார் செயலாளர்.

கொஞ்ச நேரம் குப்பை மட்டும் நாறியது.

"நான் குப்பை முறையா பிரிச்சிருக்காங்களான்னு பாக்க வந்தேன்," என்றார் தலைவி.

"நானும் அதுக்குத்தான் மேடம். கரண்டியால பிரிச்சாத்தான் தெளிவா தெரியும்."

புதருக்குப் பின்னால் யாரோ உரக்க ஜெபம் செய்யத் தொடங்கினார்கள். அகும்பா. அவர் கையில் ஏற்கனவே இரண்டு கன்றுகள் இருந்தன. ஒன்று மாமியார் வீட்டுக்காம்.

மரத்தடியிலிருந்து மும்புவாவின் சிரிப்பு கேட்டது. "சங்கமே குப்பையில கூடியிருக்கா? கன்னுக்குத்தான் வந்தீங்கன்னா வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? இந்த வாரம் பூராவும் ஆள் மாத்தி ஆள் வந்து தோண்டிட்டுப் போறீங்க. நல்லதெல்லாம் போயிருச்சு. அந்தக் கிழிஞ்ச செருப்புக்கு அடியில பாருங்க, ஒண்ணு இருக்கு."

கயெம்பாவுக்குக் கிடைத்தது அந்தச் செருப்புக்கு அடியில் இருந்த கன்றுதான். அடியில் கொட்டை பிளந்து ஒட்டிக்கொண்டிருக்க, நேராக, நாலு இலையோடு அழகாக இருந்தது. மூவரும் வேரைக் கழுவிக்கொண்டு கிளம்பும்போதுதான் தலைவிக்கு அந்தக் கவலை வந்தது.

"விருந்தாளி இந்தப் பக்கம் வந்துட்டா?"

"வந்தா என்ன மேடம்?"

"என்ன மேடமா? நாம மாசக்கணக்கா பாடுபட்டு ஜன்னல்ல வளர்த்ததை, இங்க குப்பை தானா வளர்த்து வச்சிருக்கு. நாலு குழி வேற தோண்டிக் கிடக்கு. பாத்தா அந்தாளு என்ன நினைப்பாரு?"

"மிச்சத்தைப் பிடுங்கிடலாம்," என்றார் கயெம்பா.

"பிடுங்கினா திரும்ப முளைக்கும். மேல இருந்து விழுந்துட்டே இருக்கே. எதையுமே மூல காரணத்தோட பாக்கணும், துமாய்னி அப்பா."

மூவரும் மெதுவாக அண்ணாந்து பார்த்தார்கள். மரம் அப்போதும் வழக்கம்போல ஒரு பழத்தைப் போட்டது. அது கயெம்பாவின் கார் மேல் விழுந்த சத்தம் கேட்டது.

அடுத்த சில நாட்களில் குடியிருப்பின் ஜன்னல்கள் எல்லாம் பச்சை பூத்தன. கயெம்பா வீட்டு டம்ளரில் அந்தக் கன்று, துமாய்னி என்ற அதே பெயரோடு நின்றது. படிக்கட்டில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து வாழ்த்திக்கொண்டார்கள். கோபன்ஹேகன் முறையின் வெற்றி என்று தலைவி அறிவித்தார். எந்த வீட்டிலும் யாரும் யாரிடமும், எப்படி ஒரே வாரத்தில் என்று கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகம் வாய்ந்த மக்கள்.

பிறகு மரத்தைப் பற்றிய கூட்டம் கூடியது. தீர்மானத்தை எழுதியவர் கயெம்பாதான். "கொல்லைப்புறத்தில் பதிவில்லாமல் நிற்கும் மரமானது, ஜன்னல்களில் வளரும் மரங்களுக்குக் கிடைக்க வேண்டிய சூரிய ஒளியை மறித்து, பசுமைத் திட்டத்துக்குப் பெரும் இடையூறாக உள்ளதால், பசுமையைக் காக்கும் பொருட்டு அதை வெட்டி, தளக்கல் பதிப்பது." இதைவிடத் தூய்மையான நோக்கத்தோடு எந்த மரமும் வெட்டப்பட்டிருக்க முடியாது.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது நசிமியு சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்: "கையைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழ உங்க காரைப் பாத்துக்குங்க."

"காருக்கு என்ன?"

"காருக்குள்ள ஒரு கரண்டி இருக்குமே, அதுக்குத்தான் கேட்டேன்."

கயெம்பாவுக்கு முகம் சுட்டது. அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கூட்டத்தில் தரைத்தள வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள்; அவர்களுக்குக் காரும் இல்லை, பழமும் கைக்கெட்டும் தூரத்தில். மாடிக்காரர்கள் ஆதரித்தார்கள். எண்ணிப் பார்த்தால் சரிபாதி. செயலாளரின் கை மட்டும் பாக்கி. அவர் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். மரத்தடியில் அவர் கார் நின்றது. மும்புவா பழங்களைச் சிறிசு பெரிசு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பந்தாட்டம் தொடங்கும் நேரம். அவருக்கு நாக்கில் உப்பு ஊறியது. 'வேண்டாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"துமாய்னி அப்பா," என்று தலைவி மெல்லக் குனிந்து சொன்னார், "அடுத்த தலைவர் முடிவெடுக்கத் தயங்கக்கூடாது. அந்தக் குழியில ஒண்ணு உங்களோடதுன்னு எனக்கும் தெரியும்."

"ஒண்ணு உங்களோடதும்தானே மேடம்?"

"அதனாலதான் சொல்றேன்."

கை எழுந்தது. யாருடைய கை என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. அகும்பா எழுந்து, மரம் நோவில்லாமல் போய்ச் சேர ஜெபித்தார்.

இயந்திர ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். காலையில் தொடங்கியது மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. கடைசிக் கிளை விழுந்தபோது பழுக்காத காய்கள் நாலாபுறமும் உருண்டோடின. பிள்ளைகள் அவற்றைப் பந்தாக உதைத்தார்கள். மும்புவா பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு கயெம்பாவிடம் வந்தாள். வசவு வாங்கத் தயாராக நின்றார். அவள், பழுத்ததாக ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"கடைசிப் பழம். உப்பு உங்ககிட்ட இருக்கும்."

"எங்க போவ, மும்புவா?"

"மரம் இருக்குற இடத்துக்கு. எனக்கென்ன, நான் ஜன்னலா பாத்துப் போறேன்?"

அவர் அதைத் தின்னவில்லை. காரிலேயே வைத்திருந்தார். அது கறுத்துப் போகும்வரை வைத்திருந்தார். அன்றைக்கு வீட்டில் நசிமியு கொல்லைப்பக்க ஜன்னலைச் சாத்தினாள். இனி அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றாள். சூரிய ஒளி மட்டும் தடையின்றி வந்து துமாய்னியின் இலைகளைச் சுட்டது. இலையோரம் பழுப்பானது.

விழா நாளன்று தளக்கற்கள் வரிவரியாக மின்னின. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைத் தரையோடு தரையாகச் சமன்செய்து சுற்றிலும் கல் பதித்து, அதன்மேல் மேடை போட்டிருந்தார்கள். துணை இயக்குநர் வரவேண்டிய நேரத்துக்கு வராமல் தம் பதவியின் உயரத்தை நிரூபித்தார். வந்ததும் வெயிலில் கண்ணைச் சுருக்கி, நிழலாக எங்காவது உட்காரலாமா என்று கேட்டார். நிழலுக்குத் தகரக் கூரைதான் இருந்தது. அதன் கீழே நாற்காலி போட்டார்கள். ஓர் அடுப்பில் வைத்தாற்போல் அவர் வியர்த்துக்கொண்டே ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துப் பாராட்டினார். இத்தனை மரங்கள் உள்ள குடியிருப்பை நகரத்திலேயே தாம் கண்டதில்லை என்றார். 'ஆண்டின் மரப் பெற்றோர்' பட்டயம் துமாய்னி அப்பாவுக்கு வழங்கப்பட்டது. செருப்புக்கு அடியில் இருந்த கன்றுதான் கடைசியில் ஊரை வென்றது.

பிறகு விருந்து. பிலாவ், சுட்ட ஆட்டிறைச்சி, வெங்காயமும் தக்காளியும் நறுக்கிய கச்சும்பாரி. துணை இயக்குநர் தட்டை வாங்கி, ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அவகாடோ எங்க?"

அகும்பா கண்ணை மூடினார்.

"மரம் வளர்க்கிற ஊருங்கிறீங்க, தட்டுல ஒரு கீத்து இல்லையே," என்றவர், பக்கத்தில் பட்டயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கயெம்பாவைப் பார்த்தார். "உங்க மரம் எப்பங்க காய்க்கும்?"

"ஐயா, இது காய்க்கிற ரகம் இல்லைங்க," என்றார் கயெம்பா. "இது வளர்ற ரகம்."

"அப்படியா. வளர்ந்து?"

"வளர்ந்து... பெரிசானதும் தரையில வைக்கணுங்க."

"தரை எங்க இருக்கு?"

எல்லாரும் காலுக்குக் கீழே பார்த்தார்கள். தளக்கல் நன்றாகப் பதிந்திருந்தது. அகும்பாவைப் பெரிய கடைக்கு ஓடவிட்டார்கள். அவர் வாங்கி வந்தவை ஒவ்வொன்றிலும் "கென்யாவில் விளைந்தது" என்று சீட்டு ஒட்டியிருந்தது. கத்தி இறங்காத காய்கள். நாலு நாள் பொறுத்தால் பழுக்கும் என்று கடைக்காரன் சொன்னானாம். துணை இயக்குநர் பொறுக்காமல் கிளம்பிவிட்டார்.

ஞொகாபி மேடம் சொன்ன சொல் மாறாமல் முன்மொழிய, கயெம்பா தலைவரானார். கார் தகரக் கூரைக்கு மாறியது. மாலையில் அதற்குள் உட்கார்ந்து பார்த்தார். சூடு தாங்கவில்லை, தகரம் முனகுகிற சத்தத்தில் பந்தாட்டமும் கேட்கவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் போட்டார். நசிமியு அதை எடுத்துக் கழுவி வைத்தாள். கூட்டங்களில் இப்போது அவர் பேச, வேறொருவர் எழுதினார். ஜன்னல் மரங்கள் ஒவ்வொன்றாகக் குச்சியாகிக் கொண்டிருந்தன. துமாய்னியிடம் ஓர் இலை மிச்சமிருந்தது. அதை யாரும் விசாரிக்கவில்லை, ஏனென்றால் ஞொகாபி மேடம் மறுபடி கோபன்ஹேகன் போயிருந்தார். இந்தத் தடவை அங்கே எல்லாரும் வீட்டில் கோழி வளர்ப்பதாகக் கேள்வி.

அக்டோபரில் மழை வந்தது. ஒருநாள் காலை, தளக்கற்களின் இடுக்கிலிருந்து, அடிக்கட்டை இருந்த இடத்தில், செம்பழுப்பாய் ஒரு தளிர் எட்டிப் பார்த்தது. அடுத்த நாள் நாலு. ஒரு கல் லேசாகத் தூக்கிக்கொண்டது. அதைப் பார்த்ததும் தலைவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். குனிந்து, இரு விரலால் தளிரைத் தொட்டும் பார்த்தார்.

அன்றைக்கே அவசரக் கூட்டம் கூடியது. அனுமதியில்லாத முளை, தளத்துக்குச் சேதம், மறுபடி குப்பை, மறுபடி பேச்சு. கொதிக்கும் நீரை வேரில் ஊற்றுவது என்று ஒருமனதாகத் தீர்மானமானது. யார் ஊற்றுவது என்ற கேள்விக்கு, மரங்களைப் பற்றி நன்கு அறிந்தவரே, பட்டயம் பெற்றவரே செய்ய வேண்டும் என்று அகும்பா முன்மொழிந்தார். கைதட்டினார்கள்.

"கொஞ்சம் தண்ணி கொதிக்க வை," என்றார் கயெம்பா வீட்டுக்கு வந்து.

"நான் வைக்க மாட்டேன்," என்றாள் நசிமியு.

அவரே வைத்தார். அடுப்புக்கு முன்னால் நின்று, டம்ளரைப் பார்த்துக் கெஞ்சிய அதே முகத்தோடு, கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கொதிக்காமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். கெட்டில் அவர் விதை மாதிரி இல்லை. வைத்த வேலையைச் சரியாகச் செய்தது. நெகேசா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெகேசா பிறந்த நாளிலிருந்து, ஊரே மாற்றிக் கூப்பிட்டபோதும், 'நெகேசா அப்பா' என்பதைத் தவிர வேறு பெயரால் அவரை அழைக்காத நசிமியு, அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"துமாய்னி அப்பா, தண்ணி கொதிச்சிருச்சு."

அவர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஜன்னல்களில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதையின் எந்தப் பக்கம் வேர் வரும் என்று தெரியாமல் தலைகீழாக நட்ட அதே மனிதர், கல்லுக்கு அடியில் வேர் எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்து, ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் ஊற்றினார். இதற்குப் பெயர்தான் வளர்ச்சி.